கரிக்கு அடியில் இருந்த எழுத்து



சென்ற மாதம் அஸர் பாங்கின்போது நம் பள்ளிவாசலின் ஆம்ப்ளிஃபையர் ஊமையானது. இத்தகைய சாதனங்களைப் பிரித்துப் பார்ப்பது இளமை முதல் நமக்குள்ள பழக்கம். மதரஸாவின் மூத்த மாணவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தோம்.

சர்க்யூட் போர்டிலுள்ள பாகங்களை இனங்காணும் முறையை அவருக்கு விளக்கினோம். பழுப்பு, கறுப்பு, சிவப்பு வளையங்கள் இருந்தால் 1000 ஓம் ரெசிஸ்டர். 104 என்று அச்சிட்ட செராமிக் கெப்பாசிட்டர் என்றால் 10-க்குப் பின் நான்கு சுழிகள், அதாவது 1,00,000 பிகோஃபாரட். அவர் வியந்து கேட்கக் கேட்க நம் உள்ளத்தில் பெருமிதம் வளர்ந்தது.

கருகிய கண்ணாடி டையோடு ஒன்று கண்ணில் பட்டது. மீட்டரின் முனைகளை எப்படி மாற்றி வைத்தாலும் ஷார்ட் காட்டியது.

"ஹஜ்ரத், இது ஜீனராக இருக்குமோ?" என்றார் மாணவர்.

"சாதாரண டையோடுதான்" என்று கூறி, நம்மிடமிருந்த ஒன்றைப் பற்றவைத்தோம். மின்சாரம் கொடுத்ததும் ஐ.சி. புகைந்தது.

அதன் பிறகே போர்டில் படிந்திருந்த கரியை ஸ்பிரிட்டால் துடைத்தோம். ஜீனரைக் குறிக்கும் 'இசட்.டி.' என்ற எழுத்துகள் தெரிந்தன. நெகட்டிவ் சப்ளைப் பக்கத்தில் அதன் இணை பழுதின்றி இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது அதில் 'சி12' என்றிருந்தது. 12 வோல்ட் ஜீனர். தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஜீனர் மின்னழுத்தத்தை 12 வோல்ட்டுக்கு மேல் ஏறவிடாது. நாம் வைத்த டையோடு அதைத் தடுக்கவில்லை.

அது வக்ஃபுப் பொருள். நம்மிடம் தரப்பட்ட அமானிதம். முத்தவல்லியிடம் நடந்ததைச் சொல்லி, புதிய ஐ.சி.யையும் ஜீனரையும் நம் செலவில் வாங்கிப் பொருத்தினோம். பாங்கு மீண்டும் ஒலித்தது, அல்ஹம்துலில்லாஹ்.

ஆயினும் அன்றிரவு உறக்கம் வரவில்லை. தலாக் பற்றியும் வாரிசுரிமை பற்றியும் நம்மிடம் வந்து கேட்டவர்களுக்கும் இதே வேகத்தில் விடை சொல்லியிருக்கிறோமோ? அறிவில்லாததைப் பின்தொடர வேண்டாம் என்று பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 36ஆம் வசனம் தடுப்பதை ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறோம். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் பல கேள்விகளுக்குத் தமக்குத் தெரியாது என்றே விடையளித்ததையும் சொல்லித் தருகிறோம்.

மறுநாள் வகுப்பில், அந்த மாணவர் ஐயுற்றதே சரி என்றும், நாம் பாராமல் சொன்னது தவறு என்றும் எல்லோர் முன்னிலையிலும் கூறினோம். அவர் தலைகுனிந்து புன்னகைத்தார்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவை அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.