தரையில் விழாத தண்ணீர்

காரில் பெட்ரோல் குறைந்தால் எங்கே போயிற்று என்று யாரும் கேட்பதில்லை. ரேடியேட்டர் தண்ணீர் அப்படியில்லை. அது எஞ்சினில் சூட்டை வாங்கி, ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுத்துவிட்டு, மறுபடியும் எஞ்சினுக்கே திரும்புவது. ஒரு மூடிய சுற்று. அது குறைகிறது என்றால் எங்கேயோ ஒரு வழி கண்டுபிடித்து வெளியே போகிறது என்றுதான் பொருள். எங்கள் வண்டியில் அது ஐந்து மாதம் குறைந்துகொண்டே இருந்தது. ஆனால் போர்டிகோ தரையில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது.

வண்டி 2001 மாடல், மூன்று சிலிண்டர் சின்னக் கார். 2010-ல் இரண்டாம் கையாக வாங்கினேன். எந்தக் கம்பெனி என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. இருபது வயது தாண்டிய எந்த வண்டிக்கும் இது வரலாம்.

"பழைய வண்டிதானே, தலையைச் சுற்றி விட்டெறியுங்கள்" என்று பையன் பெங்களூரிலிருந்து போனில் சொல்லிக்கொண்டிருந்தான். புது வண்டி வாங்கும் நிலையில் பென்ஷன் இல்லை. வண்டி இல்லாமலும் முடியாது. என் மனைவிக்குச் சர்க்கரையால் விழித்திரையில் நீர் கோத்திருக்கிறது. மாதம் ஒருமுறை சேலத்தில் கண்ணுக்குள் ஊசி போட வேண்டும். ஊசி போட்ட கண்ணில் கட்டோடு, தூசியில் பஸ் ஏறி இறங்குவது அவளுக்குச் சிரமம். தருமபுரியிலிருந்து சேலம் அறுபத்தைந்து கிலோமீட்டர்தான். நடுவில் தொப்பூர் இருக்கிறதே, அதுதான் விஷயம்.

தொப்பூர் கணவாய் என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது இறக்கமும், பிரேக் பிடிக்காமல் இரட்டைப் பாலத்தருகே மோதும் லாரிகளும்தான். அது சேலம் நோக்கிப் போகும் பக்கம். திரும்பி வரும்போது எங்களுக்கு அதே சாலை ஏற்றம். மதியம் ஒரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பினால், நல்ல வெயிலில், முன்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஊர்ந்து போகும் லாரிகளுக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஏற வேண்டும். அந்த இடத்தில் எஞ்சின் சூடேறி நின்றால் ஒதுங்க நிழல் கிடையாது. பக்கத்தில் கண்கட்டோடு ஒரு மனுஷி. இதை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் போயிற்று.

நான் முப்பத்தோரு வருடம் அரசு நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன். அளக்காமல் எதையும் பேசக் கூடாது என்பது அங்கே ஊறிய பழக்கம். ஒரு நாற்பது பக்க நோட்டை வண்டியில் போட்டேன். தினமும் காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் பாட்டிலில் மார்க்கர் கோட்டைப் பார்ப்பது, குறைந்திருந்தால் ஊசி போடும் சிரிஞ்சால் கோடு வரை ஊற்றி எத்தனை மில்லி என்று எழுதுவது, அன்று ஓடிய தூரத்தையும் வழியையும் எழுதுவது. அவ்வளவுதான்.

ஒரு மாதத்தில் நோட்டு ஒரு விஷயத்தைச் சொன்னது. ஊருக்குள் உழவர் சந்தை, வங்கி, மருந்துக்கடை என்று சுற்றினால் குறைவது பத்து மில்லிகூட இல்லை. சேலம் போய் வந்த மறுநாள் மட்டும் 170, 180 மில்லி. அப்படியானால் ஓட்டை எப்போதும் திறந்திருக்கவில்லை. நன்றாகச் சூடேறி, உள்ளே அழுத்தம் கூடும்போதுதான் திறக்கிறது.

இந்த அழுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அல்ல, அது ஒரு வால்வு. எங்கள் மூடியின் தலையில் 0.9 என்று எழுதியிருக்கும். வெளிக்காற்றைவிட அந்த அளவு அழுத்தம் கூடுதலாக ஏறும் வரை அது திறக்காது. குக்கர் மாதிரிதான். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 118 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் கெட்டுப்போனால் அழுத்தம் நிற்காது, தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். ஆகவே முதல் சந்தேகம் மூடி மேல். புதிது போட்டேன். அடுத்த சேலம் பயணத்தில் 175 மில்லி குறைந்தது. மூடி நிரபராதி.

அடுத்து வாட்டர் பம்ப். அதன் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். உள்ளே சீல் தேய்ந்தால் அந்தத் துளை வழியாகக் கசிந்து, எஞ்சின் சூட்டிலேயே காய்ந்துவிடும். காய்ந்த இடத்தில் உப்புப் பூத்த மாதிரி ஒரு தடம் நிற்கும். முகம் பார்க்கும் கண்ணாடியையும் டார்ச்சையும் வைத்துக்கொண்டு படுத்துப் பார்த்தேன். தடம் இல்லை. ஹோஸ் முனைகள், கிளிப்புகள், ரேடியேட்டரின் அடிப்பக்கம், எல்லாம் சுத்தம்.

ஒர்க்ஷாப்பில் காட்டினேன். பையன் ஒருவன் பானெட்டைத் திறந்து இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, "ஹெட் கேஸ்கட் போயிருக்கும் சார். ஹெட்டை இறக்கணும். இருபதாயிரத்துக்குக் குறையாது" என்றான். அவன் சொன்னது நடக்காத காரியம் இல்லை. சிலிண்டருக்கும் தண்ணீர்ப் பாதைக்கும் நடுவே உள்ள அந்தத் தகடு எரிந்துபோனால் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்ப் புகையோடு புகையாக வெளியேறும். தரையில் ஒரு சொட்டும் விழாது. ஆனால் அப்படி இருந்தால் வேறு சாட்சிகளும் இருக்க வேண்டுமே? எண்ணெய்க் குச்சியில் பால் கலந்த காபி நிறம் இல்லை. புகைக்குழாயில் விடாத வெள்ளைப் புகை இல்லை. மூன்று ஸ்பார்க் பிளக்கும் ஒரே நிறம்.

சாட்சி இல்லை என்பது மட்டும் போதாது என்று ஒரு பரிசோதனையும் செய்தேன். கேஸ்கட் போயிருந்தால் எரிந்த வாயு தண்ணீருக்குள் வரும். அதில் கார்பன் டை ஆக்ஸைடு இருக்கும். புரோமோதைமால் புளூ என்று ஒரு சாயம். கார்பன் டை ஆக்ஸைடு பட்டால் நீலம் மாறி மஞ்சளாகும். பெரிய ஒர்க்ஷாப்புகளில் கேஸ்கட் பார்க்க வைத்திருக்கும் நீலத் திரவமும் இதே சாயம்தான். சேலத்தில் ஆய்வகச் சாமான் விற்கும் கடையில் ஒரு சின்னப் புட்டி வாங்கினேன். ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் தண்ணீரைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, வாய்ப்பகுதியில் நிற்கும் காற்றை ரப்பர் பல்பால் இழுத்து நீலக் கரைசலுக்குள் குமிழ் விட்டேன். பத்து நிமிஷம். நீலம் நீலமாகவே இருந்தது. கரைசல் வேலை செய்கிறதா என்று பார்க்க, இன்னொரு குழாயில் கொஞ்சம் எடுத்து ஸ்ட்ரா வழியாக என் மூச்சை ஊதினேன். சற்று நேரத்தில் மஞ்சள். கேஸ்கட்டும் நிரபராதி. இருபதாயிரம் மிச்சம்.

மிச்சமானது பணம்தான். தண்ணீர் குறைவது நிற்கவில்லை.

பஸ் நிலையத்துப் பக்கம் ரேடியேட்டர் வேலை செய்யும் பெரியவர் ஒருவரிடம் போனேன். அவரிடம் கைப்பம்பும் மீட்டரும் சேர்ந்த ஒரு கருவி உண்டு. ரேடியேட்டர் மூடியை எடுத்துவிட்டு அதை மாட்டி, எஞ்சினை ஓட்டாமலே உள்ளே அழுத்தம் ஏற்றலாம். 13 பவுண்டு ஏற்றினார். இருவரும் டீ குடித்தோம். இருபது நிமிஷத்தில் முள் 10-க்கு வந்திருந்தது. வண்டிக்கு அடியில் விரித்த அட்டை காய்ந்தே கிடந்தது. "போறது நிஜம் ஐயா. எங்க போகுதுன்னுதான் காட்ட மாட்டேங்குது" என்றார் அவர்.

அடுத்த சேலம் பயணத்தில் விடை வந்தது. சாதாரணமாக ஊசி போட்டபின் மனைவி பின் சீட்டில் தலை சாய்த்துப் படுத்துக்கொள்வாள். அன்று செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய அரிசி மூட்டை பின்னால் இருந்ததால் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். தொப்பூர் ஏற்றத்தில் பாதி வந்திருப்போம்.

"ஏங்க, இங்க யாராவது வெல்லம் காய்ச்சறாங்களா?"

அவள் பிறந்த ஊர் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம். கரும்புக் காலத்தில் ஆலைக் கொப்பரையிலிருந்து கிளம்பும் பாகு வாடை அவளுக்கு அத்துப்படி. பாலக்கோட்டுப் பக்கமோ கோபாலபுரம் பக்கமோ இதைக் கேட்டிருந்தால் ஆச்சரியமில்லை. தொப்பூரில் இருப்பது பாறையும் காடும். கரும்பு ஏது?

"நல்லா வருதா?" என்றேன்.

"வருதே. பாகு மாதிரி. கால்ல வேற ஜில்லுனு இருக்குது."

ஏற்றம் முடிந்ததும் ஓரங்கட்டினேன். அவள் பக்கத்து ரப்பர் மிதியடி மேலே காய்ந்திருந்தது. அதைத் தூக்கி, கீழே இருந்த கம்பளத்தையும் தூக்கினேன். அடியில் உள்ள பஞ்சுப் பட்டை ஊறிக்கிடந்தது. தொட்டால் பிசுக்கு. விரலில் வெளிர் பச்சை. ஐந்து மாதத்துக் கூலன்ட் அங்கே இருந்தது.

ஹீட்டர். நம் ஊரில் ஏசி வைத்த கார்களில் ஹீட்டர் என்று ஒன்று இருப்பதே பலருக்கு நினைவிருக்காது. டாஷ்போர்டுக்குள் ஒரு குட்டி ரேடியேட்டர். எஞ்சினிலிருந்து இரண்டு ஹோஸ் வழியாகச் சுடுதண்ணீர் அதற்குள் போய் வரும். நாம் வருடக் கணக்கில் அதன் குமிழைத் திருப்புவதில்லை. குமிழ் மூடியிருந்தாலும் திரும்பும் ஹோஸ் வழியாக அழுத்தம் அதற்குள் இருந்துகொண்டேதான் இருக்கும். அதில் மயிரிழை போல ஒரு விரிசல். சூடும் அழுத்தமும் ஏறினால் திறக்கும், இறங்கினால் மூடும். கசிவதைக் கம்பளத்துப் பஞ்சு குடித்துக்கொள்ளும். மீதி ஆவியாகி ஜன்னல் வழியே போகும். கூலன்ட்டுக்கு இனிப்பு வாடை உண்டு. அதுதான் அவளுக்கு வந்த வெல்ல வாடை.

மறுநாள் பெரியவரிடம் போய்ச் சொன்னேன். பழையபடி 13 பவுண்டு ஏற்றி, ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் கிளாம்ப் போட்டு இறுக்கினார். டீ குடித்தோம். முள் அசையவில்லை. கிளாம்பை எடுத்தார், இறங்கத் தொடங்கியது. இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

புது ஹீட்டர் பெட்டி போட டாஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும். அந்த வயது வண்டியில் பிளாஸ்டிக் கிளிப்புகள் கையோடு உடையும். அதனால் ஹீட்டரைத் தவிர்த்து, ஹோஸ் இரண்டையும் ஒன்றாக இணைத்துவிட்டார். முந்நூறு ரூபாய். இதில் ஓர் இழப்பும் உண்டு. மலை ஏறும்போது சூட்டு முள் ஏறினால் ஹீட்டரை முழுக்கத் திறந்து கொஞ்சம் சூட்டை உள்ளே வாங்கிக்கொள்வது பழைய டிரைவர்களின் வழி. இனி அது எங்களுக்கு இல்லை. தெரிந்தேதான் ஒத்துக்கொண்டேன்.

பிற்பாடு ஒரு எலக்ட்ரீசியன் வேறு வேலைக்காக டாஷ்போர்டைத் திறந்தபோது ஹீட்டர் பெட்டியை வெளியே எடுத்து அறுக்கச் சொன்னேன். மெல்லிய குழாய்களில் பாதி வெள்ளையாக அடைத்திருந்தது. சுரண்டி எடுத்து எலுமிச்சம் சாறு விட்டேன். நுரைத்தது. சுண்ணாம்புப் படிவு. நான் வாங்கும் முன் பல வருடம் இதற்குப் போர் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்.

இங்கே நம் மாவட்டத்துத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் போர் தண்ணீர் என்றால் ஃப்ளோரைடு என்பார்கள். உண்மைதான். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். பாறையிலிருந்து வரும் ஃப்ளோரைடு அதைத் தாண்டியதால்தான் இங்கே எத்தனையோ பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை. அதற்காகத்தான் 2008-ல் அடிக்கல் நாட்டி, 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஆனால் ரேடியேட்டரை அடைப்பது ஃப்ளோரைடு அல்ல. கடினத்தன்மை, அதாவது கால்சியமும் மக்னீசியமும். குடிதண்ணீருக்கே 200 மில்லிகிராமுக்குள் என்பது விரும்பத்தக்க அளவு. 600-ஐத் தாண்டிய போர் தண்ணீர் மாதிரிகளை நானே நிறையப் பார்த்திருக்கிறேன். கொதிக்க வைத்த பாத்திரத்தில் படியும் அதே வெள்ளை, எஞ்சினுக்குள்ளும் படியும். உப்பு அதிகமான தண்ணீர் உலோகத்தையும் அரிக்கும். ஒகேனக்கல் தண்ணீர் குடிக்க நல்லது. ரேடியேட்டருக்கு அதுவும் வேண்டாம். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி, அல்லது கலந்தே வரும் கேன்.

தண்ணீர் குறையும் பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்களுக்குச் சில வார்த்தைகள். சூடான எஞ்சினில் மூடியைத் திறக்காதீர்கள், முகம் வெந்துவிடும். ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் எது குணமாக்கியது என்றே தெரியாது. ஹெட்டை இறக்கச் சொன்னால் அதற்கு முன் அழுத்தப் பரிசோதனை கேளுங்கள். வடித்த கூலன்ட்டைத் தெருவில் ஊற்றாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், அது விஷம். கண்ணாடியின் உள்பக்கம் காரணமில்லாமல் பனி படர்ந்தால், முன் பக்கத்து மிதியடியைத் தூக்கிப் பாருங்கள்.

நோட்டு இன்னும் வண்டியில் இருக்கிறது. ஹோஸை இணைத்தபின் ஏழு முறை சேலம் போய் வந்தாயிற்று. ஏழுக்கும் நேராகப் பூஜ்யம். டாக்டர் அடுத்த ஊசியை இரண்டு மாதம் கழித்துப் போடலாம் என்றிருக்கிறார். மனைவி இப்போது முன் சீட்டில்தான் உட்காருகிறாள். தொப்பூர் வந்ததும், நான் கேட்காமலே, "ஒண்ணும் வாடை இல்லைங்க" என்று சொல்லிவிடுவாள்.