காற்றுக்கு ஒரு வழி

திருக்கச்சி நம்பிகளின் கதையை வைணவ வீடுகளில் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கையில் ஆலவட்டத்துடன் அவர் முதலில் வந்தது திருவரங்கத்துக்குத்தான். விசிறிவிடும் கைங்கர்யம் வேண்டும் என்று விண்ணப்பித்தார். இரண்டு ஆறுகளுக்கு நடுவில் குளிர்ந்து கிடக்கும் எனக்கு எதற்கு விசிறி என்று அரங்கன் மறுத்துவிட்டானாம். திருமலையிலும் அதே பதில், அங்கே மலைக்குளிர். கடைசியில் வேள்வித் தீயில் தோன்றிய காஞ்சி வரதனுக்குத்தான் வெக்கை தாங்கவில்லை. நம்பிகளுக்கு அங்கே வேலை கிடைத்தது.

சித்திரையில் காவிரிப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதை நினைவுக்கு வரும். முக்கொம்பில் பிரியும் ஆறு ஒருபுறம் காவிரியாகவும் மறுபுறம் கொள்ளிடமாகவும் தீவை அணைத்துச் செல்கிறது என்பது வரைபடத்தில் எப்போதும் உண்மை. ஆனால் மரபுப்படி மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12க்கு முந்தைய மாதங்களில் இரு கரைகளுக்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் மணல்தான். பகலெல்லாம் காய்ந்த மணல். கோயிலும் கோடையை ஒப்புக்கொள்ளாமல் இல்லை. வெளிக்கோடை, உள்கோடை என்று இரு பகுதிகளாகக் கோடைத் திருநாள் நடக்கிறது. பின்னால் வசந்த உற்சவம் வருகிறது. பெருமாளுக்குப் புழுக்கம் உண்டென்று ஊர் நம்பத்தான் செய்கிறது.

என் கவலை பெருமாளைப் பற்றியதல்ல. எண்பத்து மூன்று வயதான அம்மாவைப் பற்றியது. வயதானவர்களுக்கு வியர்ப்பது குறைகிறது, தாகமும் சரியாகத் தெரிவதில்லை என்கிறார்கள் மருத்துவர்கள். உடம்பு சூடேறுவதை உடம்பே காலங்கடந்துதான் அறிந்துகொள்ளும். கத்திரி வெயில் நாட்களில் திருச்சி பல தடவை 40 பாகையைத் தாண்டுகிறது. அதைக்கூடப் பகலில் சமாளித்துவிடலாம். நனைத்த துண்டு, மோர், நடுக்கூடத்தின் இருட்டு என்று வழிகள் உண்டு. இரவில்தான் பயம். சுவரும் தளமும் பகலில் குடித்த வெயிலை எல்லாம் பத்து மணிக்குமேல் உமிழத் தொடங்குகின்றன. மேலே சுற்றும் மின்விசிறி அந்தச் சூட்டையே கிளறிக் கிளறித் தருகிறது. ஏசி என்ற சொல்லை எடுத்தால் அம்மா, “முட்டியைப் பிடிச்சுக்கும், வேண்டாம்” என்று முடித்துவிடுவாள். சீலிங் ஃபேனுக்கும் ஏசிக்கும் நடுவில் ஏதாவது இருந்தாக வேண்டும் என்ற யோசனையில்தான் ஜன்னல் ஃபேன் வந்து சேர்ந்தது.

அதற்கு முன் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுடையது உத்தர வீதிகளில் தெற்கு வீதியில், கோயிலைப் பார்த்த வரிசையில் உள்ள வீடு. திண்ணை, ரேழி, கூடம், மித்தம், இரண்டாம் கட்டு, கொல்லை என்று வடக்கிலிருந்து தெற்காக நீளும் பழைய அமைப்பு. (சுஜாதாவின் ஸ்ரீரங்கத்துக் கதைகளை வாசித்தவர்களுக்குத் திண்ணையை விளக்க வேண்டியதில்லை.) இரு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், பக்கவாட்டு ஜன்னல் என்ற பேச்சுக்கே இடமில்லை. காற்று வந்தால் வாசல் வழியாக வர வேண்டும், இல்லையேல் கொல்லை வழியாக. இந்த ஊரில் எந்த வீதியில் குடியிருக்கிறோம் என்பது காற்றைப் பொறுத்தவரை ஜாதகம் மாதிரி. கீழ வீதி, மேல வீதி வீடுகள் கிழக்கு மேற்காக நீள்பவை. பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து ஆனி, ஆடி மாதங்களில் திருச்சியை அறையும் மேல்காற்று அந்த வீடுகளுக்குள் ஒருபுறம் நுழைந்து மறுபுறம் போய்விடும். தெற்கு, வடக்கு வீதிக்காரர்களுக்கு அதே காற்று மாடிக்கு மேலே குறுக்காகப் பறந்துபோகும் ஓசை மட்டும் கேட்கும். மேற்கிலிருந்து வரும் காற்றுக்குத் தமிழில் ‘கோடை’ என்றே பெயர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பருவமும் காற்றும் ஒரே பெயரைப் பகிர்ந்துகொள்வது தற்செயலாக இருக்க முடியாது.

எங்களுக்கு உரியது தெற்கிலிருந்து வரும் தென்றல்தான். அது நுழைய வேண்டிய கொல்லைக்குப் பின்னால் இன்று மூன்று மாடி அடுக்ககம் ஒன்று நிற்கிறது. மிச்சமிருந்தது மித்தம். திறந்த மித்தம் சும்மா வெளிச்சத்துக்காக விட்ட ஓட்டை அல்ல. இரவில் கூடத்தின் சூடு அதன் வழியே மேலேறிப் போகும். வானத்தைப் பார்த்துக் குளிர்ந்த காற்று கனத்து உள்ளே இறங்கும். ஓசையோ மின்கட்டணமோ இல்லாமல் வீடு தானாகவே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. குரங்கு, மழைச்சாரல், திருட்டு பயம் மூன்றும் சேர்ந்து 1990களில் வீதியில் பல மித்தங்களை மூடவைத்தன. அப்பாவும் மேலே ஒளி புகும் தகடும் பக்கத்தில் கண்ணாடியும் போட்டு மூடினார். அது இல்லாமல் அம்மா இங்கே தனியாக இருந்திருக்க முடியாது என்பதால், அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அதுவரை வீடு தானே பார்த்துக்கொண்ட வேலையை இனி ஒரு மோட்டார் செய்தாக வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல். ஜன்னல் என்பது போர்த்துகீசியரிடமிருந்து நாம் வாங்கிய சொல். அவர்கள் ‘ஜனேலா’ என்றதன் வேர் லத்தீனில் சிறு கதவைக் குறிப்பது. ஆங்கில ‘விண்டோ’ பழைய நார்வே மொழியிலிருந்து வந்தது. காற்றின் கண் என்று அர்த்தம். சிலப்பதிகாரத்தில் வருகிற நம்முடைய பழைய சொல் காலதர். கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. கதவு, கண், வழி என்ற மூன்றில் எனக்கு வழிதான் பிடித்திருக்கிறது. வழி என்றால் வரவும் வேண்டும், போகவும் வேண்டும் அல்லவா?

அமெரிக்காவில் இருக்கும் என் அத்தை மகன் தன் வீட்டு ஜன்னல் ஃபேனின் படத்தை அனுப்பியிருந்தான். பிளாஸ்டிக் சட்டத்துக்குள் இரண்டு சிறிய விசிறிகள். ஒரு குமிழைத் திருப்பினால் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். இன்னொரு பக்கம் திருப்பினால் உள்ளிருப்பதை வெளியே தள்ளும். அடுத்த முறை வரும்போது கொண்டுவருகிறேன் என்றான். நான் தடுத்துவிட்டேன். அது மேலும் கீழுமாக நகரும் அவர்கள் ஊர் ஜன்னலின் இடுக்கில் பொருந்தி உட்கார்வதற்காகச் செய்யப்பட்டது. நம் ஜன்னலில் இரும்புக் கம்பி, வெளிப்பக்கம் திறக்கும் கதவு. மின்சாரமும் அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மின்மாற்றி வைத்து வோல்ட்டைக் குறைக்கலாம்; ஹெர்ட்ஸை ஒன்றும் செய்ய முடியாது. மோட்டார் மெதுவாகச் சுற்றும், கூடுதலாகச் சூடேறும்.

மலைக்கோட்டைப் பக்கத்துக் கடையொன்றில் ஜன்னல் ஃபேன் என்று கேட்டபோது, “அப்படி ஒண்ணு கிடையாது சார், எக்ஸாஸ்ட் ஃபேன்தான் இருக்கு. கிச்சனுக்கா, பாத்ரூமுக்கா?” என்றார் கடைக்காரர். படுக்கிற இடத்துக்கு என்றதும் அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம். சமையல் புகைக்கும் குளியலறை நாற்றத்துக்கும் மட்டுமே ஆனது என்று நாம் ஒதுக்கிவைத்த அந்தக் கருவிதான் எனக்கு வேண்டியிருந்தது. 6 அங்குலம், 9 அங்குலம், 12 அங்குலம், அதற்கு மேலும் உண்டு. 12 அங்குலத்திலேயே இரண்டு வகை: நிமிடத்துக்கு 1,400 சுற்று, 900 சுற்று. கடைக்காரர் 1,400ஐத்தான் புகழ்ந்தார். நான் 900ஐக் கேட்டு வாங்கினேன். ஒரே விசிறியில் வேகம் அந்த அளவுக்குக் குறைந்தால் காற்று மூன்றில் ஒரு பங்குதான் குறைகிறது. சத்தமோ காதுக்கு ஏறக்குறைய பாதியாகிவிடும். இரவெல்லாம் ஓட வேண்டிய பொருளை வாங்குகிறவர் காற்றின் அளவைப் பார்ப்பதற்கு முன் சத்தத்தைத்தான் கேட்க வேண்டும். தூக்கம் கெட்டால் எவ்வளவு குளிர்ந்தும் என்ன பயன்?

அட்டையில் மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். எதிரே எந்தத் தடையும் இல்லாதபோது அளந்த எண் அது. கொசுவலை, கம்பி, திரைச்சீலை எல்லாம் சேர்ந்தால் அதில் நல்ல பங்கு போய்விடும். ஸ்ரீரங்கத்தில் கொசுவலை இல்லாமல் ஜன்னலைத் திறந்துவைக்கச் சொல்ல யாருக்கும் தைரியம் வராது. எனவே வீட்டின் கன அளவைக் கணக்கிட்டு, மணிக்கு இரண்டு மூன்று முறையாவது உள்காற்று முழுவதும் மாற வேண்டும் என்று வைத்துக்கொண்டு, அட்டை எண்ணைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தே அளவைத் தேர்ந்தேன். 9 அங்குலம் போதாது என்று அப்போதுதான் தெரிந்தது.

எதை வாங்குவது என்பதைவிட எங்கே வைப்பது என்பதுதான் பெரிய கேள்வி. அம்மா படுப்பது கூடத்துக்குப் பின்னால் இரண்டாம் கட்டில். அங்குள்ள கொல்லைப்பக்க ஜன்னலில் ஃபேனை வைத்து அவள்மேல் காற்று அடிக்கச் செய்வதுதான் யாருக்கும் முதலில் தோன்றுவது. ஆனால் மின்விசிறி ஊதும் பக்கம் காற்று ஒரு கற்றையாகச் சில அடி போய்க் கலைந்துவிடுகிறது. இழுக்கும் பக்கமோ, எந்த வாசல் திறந்திருக்கிறதோ அதன் வழியே வீடு முழுக்கக் காற்றை நடத்திக்கொண்டு வரும். ஆகவே விசிறி இருக்க வேண்டியது அம்மாவிடமிருந்து மிகத் தள்ளி, சூடு போய்த் தேங்குகிற உயரத்தில், வெளியே பார்த்து. எங்கள் வீட்டில் அது வீதியைப் பார்த்த மாடி அறை ஜன்னல். கூடத்தின் சூடு மாடிப்படி வழியே அங்கேதான் ஏறுகிறது. பழைய ஜன்னல் என்பதால் மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு கதவுகள். மேலிரண்டையும் கழற்றிவிட்டு, ஆசாரி அந்த இடத்துக்குப் பலகை அறுத்து நடுவில் வட்டம் வெட்டிக் கொடுத்தார். சுற்றிலும் இடுக்கு இல்லாமல் அடைத்தாயிற்று. இடுக்கு இருந்தால் வெளியே தள்ளிய காற்றே திரும்பி உள்ளே வரும். வெளிப்புறம் லூவர் தகடுகள். விசிறி ஓடும்போது திறந்துகொள்ளும், நின்றால் தாமே விழுந்து மூடிக்கொள்ளும். ஆடிக்காற்றின் மண்ணுக்கும் ஐப்பசிச் சாரலுக்கும் அது வேண்டும்.

“காத்தை வெளியில தள்றதுக்கா காசு குடுத்து வாங்கினே?” என்று அம்மா கேட்டாள். நியாயமான கேள்வி. நான் விளக்கம் சொல்லாமல் கொல்லை ஜன்னலை மட்டும் திறந்து, மற்ற எல்லாவற்றையும் மூடினேன். சற்று நேரத்தில் ஜன்னலில் கட்டியிருந்த சேலைத்துணித் திரை உள்பக்கமாகப் புடைத்து நின்றது. மாடியில் ஓடும் விசிறியின் ஓசை இரண்டாம் கட்டுக்கு எட்டவில்லை. அம்மா திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “வேப்பம்பூ வாசனை வரது” என்றாள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லா ஜன்னலையும் மூடிவிட்டு விசிறியைப் போட்டால், குளியலறைச் சாக்கடைக் குழாயின் வழியேகூடக் காற்றை உறிஞ்சும். வேப்பம்பூ வாசனைக்குப் பதில் வேறொன்று வரும். சமையல் எரிவாயு அடுப்போ கேஸ் கீசரோ எரியும்போதும் திறந்த ஜன்னல் இல்லாமல் இதை ஓடவிடக் கூடாது. புகையும் நச்சுவாயுவும் வீட்டுக்குள்ளேயே திரும்பும்.

விசிறி குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. வெளியே இருப்பதை உள்ளே கொண்டுவருகிறது, அவ்வளவுதான். ஆகவே பகலில் இதைப் போடுவது வெயிலை விலைகொடுத்து வீட்டுக்கு அழைப்பது. காலை எட்டு மணிக்குள் நிறுத்தி, ஜன்னல்களைச் சாத்தி, இரவுக் குளிரைச் சுவருக்குள் பூட்டிவைக்க வேண்டும். எப்போது மறுபடி போடுவது என்பதற்காகக் கூடத்தில் ஒன்றும் கொல்லையில் ஒன்றுமாக இரண்டு வெப்பமானிகள் வாங்கி மாட்டினேன். கொல்லை எண் கூடத்து எண்ணைவிடக் கீழே இறங்கும் நேரம்தான் கணக்கு. கடந்த மே மாதத்தில் ஒருநாள் இரவு பத்து மணிக்குக் கூடத்தில் 34, கொல்லையில் 30. விடியற்காலையில் கூடம் 30க்கு வந்திருந்தது. நான்கு பாகைதான். எண்ணாக எழுதும்போது அற்பமாகத் தெரிகிறது. அம்மா அன்று இரவு இடையில் ஒருமுறைதான் எழுந்தாள்.

அவள் வெப்பமானியைப் பார்ப்பதில்லை. சாப்பாடானதும் கொல்லைக்குப் போய்த் துவைக்கிற கல்லின்மேல் புறங்கையை வைத்துப் பார்க்கிறாள். கல் ஆறியிருந்தால், “போடலாம்” என்று உள்ளே குரல் வரும். இதுவரை அவள் சொன்ன நேரத்துக்கும் என் எண்கள் சொன்ன நேரத்துக்கும் கால் மணிக்கு மேல் வித்தியாசம் வந்ததில்லை.

கல் ஆறாத இரவுகளும் உண்டு. காற்றசைவு இல்லாமல், மேகம் மூடி, நடுநிசியிலும் வெளியே 31, 32 என்று நிற்கும் நாட்கள். அப்போது வெளியிலிருந்து கொண்டுவர ஒன்றுமில்லை. பகல் வெப்பம் 40 பாகைக்கு மேல் போனால் சீலிங் ஃபேனையும் நம்பக் கூடாது, அந்தக் காற்று உடம்பைச் சூடேற்றவே செய்யும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. ஏர்கூலர் வறண்ட மத்தியானத்தில் கொஞ்சம் உதவும். புழுங்கும் இரவில் ஈரத்தைத்தான் கூட்டும். அத்தகைய நாட்களுக்கு ஓர் அறையிலாவது ஏசி வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஃபேனின் வெற்றியைக் காட்டி அதை ஒத்திப்போடுகிறாள் அம்மா. நான் அந்த வாதத்தை ஏற்கவில்லை. சென்ற மாதம் இரண்டாம் கட்டின் சுவரில் தனி ஒயர் இழுத்து, ஏசிக்கான பிளக் பெட்டியைப் பொருத்தியாயிற்று. பெட்டியின் மேல்விளிம்பு சரியான அகலம் என்று அம்மா அதில் பஞ்சாங்கத்தையும் மூக்குக்கண்ணாடியையும் வைத்திருக்கிறாள்.