திருப்புளியும் தோல் குஞ்சமும்

ஆம்பூரில் என்னிடம் முதற்பகுதித் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் இப்போது டெக்சாஸில் பணிபுரிகிறார். பண்டிகை நாட்களில் மின்னஞ்சல் அனுப்புவார். சென்ற பொங்கலுக்கு வந்த அஞ்சல் சற்று விசித்திரமானது. அங்குள்ள நண்பர்களோடு துப்பாக்கி சுடும் திடலுக்குச் செல்லத் தொடங்கியிருக்கிறாராம். ரைபிள் ஒன்றும் வாங்கியாயிற்று. சுட்டுத் தீர்ந்த தோட்டாக்களின் பித்தளை உறைகளைப் பொறுக்கி வந்து, வீட்டிலேயே மீண்டும் மருந்திட்டுத் தோட்டாவாக்கும் கலையைக் கற்கப் போவதாக எழுதி, அதற்கு வாங்கவேண்டிய பொருட்களின் பட்டியலை இணைத்திருந்தார். "ஐயா, இவற்றுக்கெல்லாம் தமிழில் பெயர் சொல்லுங்கள்" என்று கடைசி வரி.

நான் தீபாவளித் துப்பாக்கிக்கு மேல் எதையும் சுட்டதில்லை. ஆயினும் பட்டியல் என்னை ஈர்த்தது. சுட்டபின் பித்தளை உறை சற்றே உப்பிவிடுகிறது. அதை ஓர் எஃகு அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரவேண்டும். அடியில் உள்ள வெடித்துப்போன கேப்பைத் தள்ளிவிட்டுப் புதியதைப் பொருத்தவேண்டும். பின்பு நிறுத்த மருந்து, அதன்மேல் குண்டு. இதற்கு ஓர் அழுத்தப்பொறி, அச்சுகள், தராசு, நீளம் அளக்கும் காலிப்பர், உறையின் வாயைச் சீர்செய்யும் கருவி ஆகியவை தேவை. பழகியவர்கள் அவருக்குச் சொன்ன அறிவுரைகள்தாம் எனக்குப் பிடித்திருந்தன. முதலில் பொறியை வாங்காதே, கையேட்டை வாங்கு. ஒரே இழுப்பில் பல வேலை செய்யும் பொறி தொடக்கக்காரனுக்கு வேண்டாம், ஒரு நேரத்தில் ஒன்றைச் செய்யும் எளிய பொறியே போதும். எதில் சிக்கனம் பிடித்தாலும் தராசில் பிடிக்காதே. மேசைமேல் ஒரு நேரத்தில் ஒரு வகை மருந்துக்கு மேல் வைக்காதே. கையேட்டின் அளவைத் தாண்டிய மருந்து துப்பாக்கியைப் பிளந்துவிடக்கூடும். பிடித்திருப்பவனின் முகம் அதற்கு ஒரு சாண் தொலைவில்தான் இருக்கிறது.

மருந்தை அங்கே 'கிரெயின்' கணக்கில் நிறுக்கிறார்கள். ஒரு கிரெயின் ஏறத்தாழ 65 மில்லிகிராம். நம் பொற்கொல்லர்களின் குன்றிமணி அதைப்போல் சற்றேறக்குறைய இரண்டு மடங்கு. ஆகவே 'அரைக் குன்றிமணி' என்று எழுதிக்கொள் என்றேன். மற்றச் சொற்களுக்கு அகராதியைப் புரட்டவில்லை. ஆம்பூர்ப் பேருந்து நிலையத்தருகே பாசிமணி விற்கும் நரிக்குறவப் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். நாட்டுத் துப்பாக்கியின் ஒழுங்கை அவர் மூச்சுவிடாமல் சொன்னார்: குழல் வாயில் மருந்து போடணும், தேங்காய் நார் வச்சுக் கெட்டிக்கணும், ரவை போடணும், மறுபடி நார், கடைசியாத்தான் கேப்பு. கேப்பைக் கடைசியில் வைப்பது ஏன் என்று கேட்டபோது என்னை ஏற இறங்கப் பார்த்தார். பேராசிரியர்கள் கேட்கும் கேள்வியா அது! மருந்து, குண்டு, ரவை, நார், கேப்பு, குதிரை என்று ஒரு சொற்களஞ்சியமே அவர் நாவில் இருந்தது. வேதிப்பொருளை மருந்து என்று அழைக்கும் நம் வழக்கத்தின் முரணைப் பற்றித் தனியே எழுதவேண்டும்.

நம் நாட்டில் இது பொழுதுபோக்காக வளரவில்லை. உரிமம் இன்றித் தோட்டா தயாரிப்பதை 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தடுக்கிறது. அப்படி இருப்பதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் கையால் மருந்திடும் கலை இம்மண்ணுக்கு அந்நியமானதன்று. எங்கள் ஊரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ள வேலூர்க் கோட்டையில் 1806ஆம் ஆண்டில் மூன்று பட்டாளங்களின் சிப்பாய்கள் அந்தக் கலையை அன்றாடம் பயின்றுகொண்டிருந்தார்கள். மாணவரின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களுடைய பட்டியல் என்னவாக இருந்திருக்கும் என்று எழுதிப் பார்த்தேன்.

அன்றைய தோட்டா என்பது ஒரு காகிதச் சுருள். மரக்குச்சியின்மேல் தாளைச் சுற்றி, ஈயக்குண்டை ஒரு முனையில் வைத்து நூலால் கட்டி, மருந்தைக் கொட்டி, மறுமுனையை மடித்துவிடுவார்கள். குழலின் உள்விட்டம் ஏறக்குறைய 19 மில்லிமீட்டர். குண்டு அதைவிட ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குச் சிறியது, எடை சுமார் 32 கிராம். இறுக்கமாகச் செய்தால் குறி தப்பாது என்பது உண்மைதான். ஆனால் நாலைந்து முறை சுட்டதும் மருந்துக் கரி உள்ளே அப்பிக்கொள்ளும், குண்டு இறங்காது. குறியை விட்டுக்கொடுத்து வேகத்தை வாங்கிக்கொண்டார்கள். மருந்து பத்து கிராம் அளவு. அதில் முக்கால் பங்கு வெடியுப்பு, மீதி கரியும் கந்தகமும். சிப்பாய் தாளின் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, விசைக் கிண்ணியில் ஒரு சிட்டிகை மருந்திட்டு மூடி, எஞ்சியதைக் குழலில் கொட்டி, குண்டையும் தாளையும் கோலால் இடித்து இறக்கவேண்டும். நன்கு பழகியவன் ஒரு நிமிடத்தில் மூன்று முறை சுடுவான். டெக்சாஸ் மாணவர் ஒரு தோட்டாவுக்குச் செலவிடும் கவனத்தில் இவன் ஒரு சண்டையையே முடித்திருப்பான்.

இவற்றோடு சில சில்லறைப் பொருட்களும் உண்டு. குதிரையின் வாயில் பொருத்தச் சக்கிமுக்கிக் கல். அது முப்பது சூட்டுக்குள் மழுங்கிவிடும். வழுக்காமல் இருக்க அதை ஒரு தோல் துண்டிலோ ஈயத் தகட்டிலோ சுற்றிச் செருகவேண்டும். கிண்ணித் துளையைக் குத்தி அடைப்பெடுக்க ஒரு கம்பி, துடைக்க ஒரு சிறு தூரிகை. கல்லைப் பிடிக்கும் திருகை முடுக்க ஒரு திருப்புளி.

அந்தத் திருப்புளியில்தான் என் பேனா நின்றது. சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக் காலத்தில், 1805 நவம்பரில், புதுத் தலைப்பாகை அறிமுகமானது. உருவில் ஐரோப்பியத் தொப்பியை ஒத்தது. முன்புறம் தோல் குஞ்சம். அடுத்த ஆண்டு வந்த ஒழுங்குவிதிகள் நெற்றிக் குறியையும் காதணியையும் விலக்கின. தாடியை மழிக்கச் சொல்லின. இந்த வரிசையில் அதிகம் பேசப்படாத ஒன்று, உடுப்போடு அணியவேண்டியிருந்த திருப்புளி. அதன் வடிவம் சிலுவையை ஒத்திருந்தது. கல்லை முடுக்கும் கருவி, அணிந்தவன் கண்ணுக்கு மதமாற்றத்தின் முதல் அடையாளமாகத் தெரிந்தது. கருவியைத் தேர்ந்தவன் ஒருவன், சுமந்தவன் இன்னொருவன். டெக்சாஸிலிருந்து வந்த பட்டியலுக்கும் நான் எழுதிய பட்டியலுக்கும் உள்ள வேறுபாடு எனக்கு அங்கேதான் உறைத்தது. அவர் எந்தப் பொறி தமக்கு ஏற்றது என்று மாதக்கணக்கில் யோசிக்கிறார். இவனுக்குத் தலை முதல் கால் வரை எல்லாம் கொடுக்கப்பட்டன, மறுத்தால் சவுக்கடி. மே மாதம் மறுத்தவர்களுக்கு அதுவே கிடைத்தது.

ஜூலை 10 நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்குமேல் என்ன நடந்தது என்பதை இங்குள்ள பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். விடிந்தால் அணிவகுப்புப் பயிற்சி என்பதால் வழக்கமாக வெளியே குடிசைகளில் தங்கும் சிப்பாய்கள் அன்றிரவு கோட்டைக்குள் இருந்தார்கள். 69ஆம் படைப்பிரிவின் ஐரோப்பியர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்; கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட்டும் மாண்டார். மைசூரின் கொடி ஏறியது. நான் நின்று கவனித்தது காலையில் நடந்ததை. எஞ்சிய அறுபது பேர் அளவிலான ஐரோப்பியர் மதில்மேல் தொற்றிக்கொண்டிருந்தார்கள். கையில் தோட்டா இல்லை. ஆற்காட்டுப் பாசறையிலிருந்து 25 கிலோமீட்டருக்கும் மேல் குதிரையில் பாய்ந்து வந்த கில்லெஸ்பி, கயிற்றைப் பிடித்து மதிலேறியதும் செய்த முதல் காரியம் துப்பாக்கிமுனைக் கத்தியோடு அவர்களை ஓடவிட்டதுதான். காகிதச் சுருள்கள் தீர்ந்தபின் துப்பாக்கி மீண்டும் ஈட்டியாகிவிட்டது. பிறகு பீரங்கியால் வாயில் தகர்ந்தது. அரண்மனையில் பதுங்கிய நூறு பேர் அளவில் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டார்கள். கிரடாக்கும் ஆளுநர் பெண்டிங்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். குஞ்சமும் விதிகளும் கைவிடப்பட்டன. (அந்தக் குதிரைகள் புறப்பட்ட ஆற்காட்டுப் பாசறை இன்றைய இராணிப்பேட்டை. இப்போது அங்கே தோல் பதனிடும் தொழிற்சாலைகள்.)

இதை ஒருநாள் இரண்டாமாண்டு வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். புறநானூற்றின் 95ஆம் பாட்டு நடந்துகொண்டிருந்தது. தொண்டைமானின் படைக்கலங்கள் அணிசெய்யப்பட்டு மனையில் இருக்க, அதியமானின் வேல்கள் நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதை அவ்வையார் சொல்லும் பாட்டு. ஆயுதத்தைப் பழுதுபார்க்கும் இடத்தைக் கவிதைக்குள் கொண்டுவந்த அந்த அம்மையாரைப் பற்றிப் பேசும்போது பேச்சு வேலூருக்குத் தாவிவிட்டது. ஒரு மாணவி எழுந்தாள். அவள் தந்தை பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் சுண்ணாம்புக் குழி வேலை பார்ப்பவர் என்பது வகுப்புக்கே தெரியும்.

"ஐயா, தோல்னால தீட்டுன்னு கலகம் பண்ணாங்கன்னு பத்தாவதுல படிச்சோம். தோட்டாப்பையும் தோல்தானே?"

வகுப்பு அமைதியாயிற்று. இந்தப் பகுதியில் 'தீட்டு' என்ற சொல்லைத் தோலோடு சேர்த்து உச்சரிக்கும்போது யார் யார் முகம் குனியும் என்பதை அறிந்த அமைதி அது.

அவள் கேட்டது சரியான கேள்வி. மார்பில் குறுக்கே ஓடிய வார் தோல். இடுப்பிலிருந்த பெட்டி தோல். கத்தியுறையும் தோல். கல்லைச் சுற்றிய துண்டு தோலென்றால் ஒவ்வொரு சூட்டிலும் கட்டைவிரலருகே இருந்தது. தோல் தொட்டதால் மட்டும் கொதித்தார்கள் என்றால் பல ஆண்டுகளுக்கு முன்பே கொதித்திருக்கவேண்டும். தலைமேல் வைப்பது வேறு, இடுப்பில் கட்டுவது வேறு என்று ஒருவர் வாதிக்கலாம். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. குஞ்சம் பசுத்தோலா பன்றித்தோலா என்ற வதந்தியும் இருந்தது. ஆனால் நெற்றி, தாடி, காது, தலை, மார்பு என்று ஒருவனின் உடம்பை இன்னொருவன் பங்கு போட்டு எழுதிய ஆணையில் குஞ்சம் கடைசி வரி மட்டுமே. பாடநூல்கள் அந்தக் கடைசி வரியைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு மற்றதைச் சிறிதாக்கிவிடுகின்றன. 1857இல் கொழுப்புத் தடவிய என்ஃபீல்டுத் தோட்டாவுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. பசுக்கொழுப்பு, பன்றிக்கொழுப்பு என்ற இரண்டு சொற்களில் ஒரு பெருங்கலகம் மடித்து வைக்கப்பட்டது. காரணத்தைப் பொருளின்மேல் ஏற்றிவிட்டால் ஆணையிட்டவன் தப்பித்துக்கொள்கிறான். அத்தோடு அந்தப் பொருளைப் பதனிட்டு, வெட்டி, தைத்தவன் தலைமேல் ஒரு பழி ஏறிக்கொள்கிறது. ஆவாரம்பட்டை ஊறிய தொட்டிகளில் முழங்கால் வரை நின்றவர்களின் பேத்திகள் படிக்கும் வகுப்பில் இதைச் சொல்லாமல் விடுவது எனக்கு நேர்மையாகப் படவில்லை. ஏறத்தாழ இதையே அவளிடம் சொன்னேன், இத்தனை கோவையாக அல்ல.

அவள் முழுதும் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. "அப்ப அவங்களுக்குத் தீட்டே இல்லையா ஐயா?" என்றாள். இருந்திருக்கும் அம்மா, இல்லை என்று சொல்லமாட்டேன் என்றேன்.

அடுத்த வாரம் ஒரு தாளில் கட்டம் போட்டு எடுத்து வந்தாள். சிப்பாயின் உடம்பில் இருந்த தோல் பொருட்கள்: வார், தோட்டாப்பை, துப்பாக்கி வார், கத்தியுறை, கல் சுற்றும் துண்டு, குஞ்சம். எதிரே எந்தத் தோல் ஏற்றது, எத்தனை கனம், எப்படித் தைத்திருக்கவேண்டும் என்று தந்தையைக் கேட்டு நிரப்பியிருந்தாள். தோட்டாப்பைக்குக் கனமான எருமைத்தோல்தான் சரிப்படும், ஆட்டுத்தோல் மழையில் தொய்ந்து மருந்து நனைந்துவிடும் என்று அவர் சொன்னாராம். இருநூறு ஆண்டுகளுக்குப் பிந்திய ஒரு கைவினைஞரின் கருத்து அது. கடைசிப் பத்தியின் தலைப்பு 'யார் செய்தது'. சென்னை எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகத்தில் கம்பெனியின் இராணுவத் துறைப் பதிவுகள் இருக்கின்றன, விடுமுறையில் போய்ப் பார் என்றேன். துறையின் முத்திரையோடு ஓர் அறிமுகக் கடிதம் கேட்டாள். எழுதிக் கொடுத்திருக்கிறேன்.