நீரின் பாரமும் நிலத்தின் பொறையும்

நீரினும் மெல்லியது உலகில் யாதுளது? விரல் புகுத்தினால் வழிவிடுகின்றது. கலத்திற்கேற்ப வடிவு கொள்கின்றது. பள்ளம் கண்டால் அதனை நாடிப் போகின்றது. இம்மென்மையைக் கண்டு பழகிய நாம் அதன் பாரத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோகிராம் நிறையுடையது என்பதைப் பள்ளிப் பருவத்திலேயே கற்கின்றோம். ஆயினும், அக்கணக்கு ஒருநாள் நம் வீட்டுக் கூடத்தில் நம் காலடித் தரையின்மேல் வந்து நிற்குமென்று கருதுவார் சிலரே. அங்ஙனம் எம் இல்லத்தில் வந்து நின்ற ஒரு கணக்கையும், அதனால் யாம் தெரிந்துகொண்ட உண்மையையும் இவண் எழுதத் துணிந்தேன்.

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் கலை மிகப் பழையதன்று. பொன்மீனைச் சீனநாட்டார் ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே குளத்தில் வளர்த்தனர் என்பது மெய். எனினும், நீரை நாடோறும் மாற்றாமலே அதனைத் தூயதாக வைத்திருக்கும் வழியை ஆராய்ந்து, இராபர்ட்டு வாரிங்டன் என்னும் ஆங்கில வேதிநூலார் 1850-ஆம் ஆண்டில் இலண்டன் வேதியியற் கழகத்தார்க்கு எடுத்துரைத்தார். பொன்மீன்களோடு நீர்ச்செடியையும் நத்தைகளையும் ஒரே கலத்தில் வாழவிட்டு, ஒன்றன் கழிவு மற்றொன்றற்கு உணவாதலை அவர் கண்டனர். பிலிப் ஹென்றி காஸ் என்பார் 1854-ஆம் ஆண்டில் இத்தொட்டிகளைப் பற்றி நூலொன்று வெளியிட்ட பின்னர், இவ்வழக்கம் இங்கிலாந்தின் இல்லங்களெங்கும் பரவிற்று.

பாளையங்கோட்டையிலுள்ள எம் இல்லத்துத் தொட்டி ஐந்தடி நீளமும், இரண்டடி அகலமும், இரண்டடி உயரமும் உடையது. அதனை அமைத்தவர் என் பாட்டனார். பள்ளியாசிரியராயிருந்து ஓய்வு பெற்ற அவர்க்கு, ஆண்டுகள் செல்லச்செல்லக் கண்ணழுத்த நோயால் பார்வை குன்றிற்று. இன்று ஒளியும் நிழலுமே அவர்க்குப் புலனாகும். ஆயினும், தொட்டியருகே நாற்காலியிட்டமர்ந்து, நீர் வடிகட்டியினின்று வீழும் ஓசையைக் கேட்டவாறிருத்தலே அவர்க்கு நாட்கடன். பதினோராண்டு வளர்ந்த ஆறு பொன்மீன்களும், அவர் கை நீர்மேல் நிழலிட்ட அளவிலே மேலெழுந்து வரும். தாம் காணாத மீன்கள் தம்மைக் காண்கின்றன என்பது அவர்க்கு எத்துணை ஆறுதல் என்பதை, உடனிருந்து பார்த்தவரே உணர்வர்.

இத்தொட்டியின் பாரத்தைச் சிறிது கணக்கிடுவோம். ஒரு கன அடி நீரின் நிறை 28.3 கிலோகிராம். விளிம்பினின்று இரண்டங்குலம் தாழ நிரப்பினும், உள்ளிருக்கும் நீர் 500 கிலோகிராமுக்கு மேற்படும். பன்னிரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடி ஏறத்தாழ 100 கிலோகிராம். பரப்பிய கூழாங்கல் 60. இவற்றோடு தேக்குமரத் தாங்கியையும் கூட்டினால், 700 கிலோகிராமுக்குக் குறையாது. பத்துப்பேர் நெருக்கி நின்றுகொண்டு, இரவும் பகலும் ஓரடியும் பெயராதிருத்தலை ஒக்கும் இது. அதுவும் முழுத்தரையின்மேற் பரவி நிற்பதன்று. தாங்கியின் ஆறு கால்களின் வழியே ஆறே இடங்களில் இறங்குகின்றது.

2018-ஆம் ஆண்டில் எம் வீட்டுக் கூடத்தை விரித்துக் கட்டியபோது, தொட்டி அப்புதிய பகுதிக்கு மாற்றப்பட்டது. அப்பொழுது தரை பாவியவர்கள், உள்ளே கொட்டிய மணலை நீர்விட்டுத் திமிசு போட்டு இறுக்காமல், மேலே மெல்லிய கலவை பரப்பி வழவழப்பான தரையோடுகளைப் பதித்துச் சென்றனர். ஐந்தாண்டு அக்குறை வெளிப்படவில்லை. 2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17, 18 ஆகிய நாட்களில் திருநெல்வேலிச் சீமையிற் பெய்த பெருமழையை யாவரும் அறிவர். எம் தெருவிலும் நீர் தேங்கி, வீட்டின் அடிமண்ணெல்லாம் ஊறிற்று. இறுகாத மணல் நீரில் ஊறும்போது, அதன் துகள்களுக்கிடையேயுள்ள வெற்றிடம் குறைந்து தானே தாழ்ந்துபோகும். மழை நின்று சில நாளில், தொட்டியின் இடப்புறத்தில் நீர்மட்டம் விளிம்பை அணுகியிருத்தலையும், வலப்புறத்தில் விலகியிருத்தலையும் கண்டேன். அளந்து பார்க்கையில் வேறுபாடு அரையங்குலம். தரையோடு இரண்டிடத்தில் வெடித்திருந்தது. நாணயத்தால் தட்டினால், உள்ளே பொள்ளலென்று அறிவிக்கும் ஓசை எழுந்தது.

அரையங்குலம் சிறிதன்றோ என்று சிலர் வினவலாம். கண்ணாடி வளையாது. அடித்தளம் ஒரு மூலையில் தாழ்ந்தால், பாரமெல்லாம் பலகைகளை ஒட்டிய பசைமூட்டுகளை முறுக்கும். ஒரு மூட்டு விட்டால், 500 லிட்டர் நீரும் கணப்பொழுதிற் கூடத்திற் பாயும். உறவினர் சிலர், “இம்முதுமையில் இத்தொல்லை எதற்கு? மீன்களை யாருக்காவது கொடுத்துவிட்டு, அவ்விடத்தில் ஒரு கட்டிலைப் போட்டுவிடலாமே” என்றனர். பாட்டனார் மறுமொழி கூறாமல் எழுந்து, தொட்டியின் கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்தவாறு நெடுநேரம் நின்றார். தரையைப் புதுப்பிப்பதென்று என் தாயார் அன்றே முடிவு செய்தார்.

எங்கள் தெருவிலுள்ள முதிய கொத்தனார் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் ரசமட்டத்தைத் தரையிலும் தாங்கியிலும் வைத்துப் பார்த்து, “சார்வாள், தொட்டியில் குற்றமில்லை, தரைதான் உட்கார்ந்துவிட்டது. மேலே ஓட்டை மட்டும் மாற்றினால் மறுபடியும் உட்காரும். அடி வரைக்கும் தோண்டித்தான் ஆகவேண்டும்” என்றார். “தோண்டுங்கள், அண்ணாச்சி; எத்தனை நாளாகும்?” என்று பாட்டனார் கேட்டார். “வேலை நாலு நாள், காத்திருப்பது ஒரு மாதம்” என்பது அவர் மறுமொழி.

தைத்திங்களின் நடுவில் பணி தொடங்கிற்று. மீன்களை இடம் பெயர்க்குமுன் ஒருநாள் உணவு நிறுத்தினோம். வயிறு வெறுமையாயின் நீரில் கழிவு குறையும். தாழ்வாரத்தில் 500 லிட்டர் கொள்ளும் கருநிறத் தொட்டியொன்றைச் சோப்பு இடாது கழுவி வைத்து, பழைய நீரிற் பெரும்பகுதியை அதனுள் மாற்றினோம். பின்னர் மீன்களையும், அவற்றோடு வடிகட்டியையும் அங்கே கொண்டுசென்றோம். கூழாங்கற்களை வாளிகளில் அள்ளிய பின்னர், வெறுமையான கண்ணாடித் தொட்டியை நால்வர் தூக்கி அகற்றினர். சிறிதளவு நீர் உள்ளே நின்றாலும் தூக்கலாகாது. அந்நீர் ஒருபுறம் சாய்ந்தோடிப் பாரத்தைப் பெயர்த்துவிடும்.

இரண்டாம் நாள் நிகழ்ந்ததொன்றை யான் மறவேன். மண் சுமக்க வந்த சித்தாள் பெண், நண்பகலில் இளைப்பாறும்போது வடிகட்டியைத் திறந்து பார்த்தாள். உள்ளேயிருந்த பஞ்சு சேற்று நிறமாயிருந்தது. முதியவர் கண் தெரியாதவராதலின் இவ்வழுக்கை அறியார் போலுமென்று இரங்கி, தானே கழுவிக் கொடுப்போமென்னும் நல்லெண்ணத்தால் அதனை எடுத்துக்கொண்டு தெருக்குழாயை நோக்கி நடந்தாள். நாங்கள் எவரும் கவனிக்கவில்லை. தம் நாற்காலியையும் தாழ்வாரத்திற்கே மாற்றிக்கொண்டிருந்த பாட்டனார், நீரோசை மாறியதைக் கேட்டு எழுந்தார். “பஞ்சை எடுத்தது யார்? குழாயடிக்குக் கொண்டுபோகாதீர்கள்!” என்று அவர் கூவிய குரலை, என் வாழ்நாளில் அதற்குமுன் யான் கேட்டதில்லை.

அப்பெண் அஞ்சி நின்றாள். “அழுக்குத்தானே, தாத்தா?” என்றாள். பாட்டனார் தணிந்து, அவளை அருகமர்த்திக் கூறலானார்: “அழுக்கன்று, அம்மா. அதற்குள்ளே கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. மீன் மூச்சு விடும்போது செவுள் வழியே அம்மோனியா என்னும் நஞ்சு வெளிப்படுகிறது. இவ்வுயிர்கள் அதனை மாற்றித் தீங்கு குறைந்த பொருளாக்குகின்றன. குழாய்நீரில் குளோரின் கலந்திருக்கிறது. அதிலே கழுவினால் இவை மாண்டுபோகும்; பிறகு மீன் தன் நஞ்சினாலேயே மாளும். இந்தப் பஞ்சுதான் மீன்கள் நிற்கிற தரை.”

அவர் கூறியது அறிவியல் நூலார் கண்ட உண்மை. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்களைச் செர்கை வினோகிராட்ஸ்கி என்னும் உருசிய அறிஞர் 1890-ஆம் ஆண்டளவில் பிரித்துக் காட்டினார். இவ்விரு செயலையும் ஒன்றே முற்றச் செய்யவல்ல நுண்ணுயிர் உண்டென்பது 2015-ஆம் ஆண்டிலேதான் வெளியாயிற்று. இவை மெல்லப் பெருகுவன; புதிய வடிகட்டியொன்றில் போதிய அளவு குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். காற்றும் ஈரமும் தடைப்பட்டால் விரைவில் மடியும். ஆதலின், மின்சாரம் நிற்குங்கால் உதவுமாறு மின்கலத்தால் இயங்கும் காற்றுக்குழாயொன்றையும் அருகே வைத்திருந்தோம். பஞ்சு மீண்டும் தன்னிடம் சேர்ந்தது. அன்றுமுதல் அப்பெண், காலையில் வந்தவுடன் மீன்களை எட்டிப் பார்த்துவிட்டே சும்மாட்டை எடுப்பாள்.

கூடத்திலே கொத்தனாரின் பணி நடைபெற்றது. ஏழடி நீளம், நாலடி அகலம் உடைத்துத் தோண்டினர். ஊறிய மணலை அள்ளிவிட்டு, நல்ல மண்ணை அரையடி அரையடியாகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கிற்கும் நீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடித்தனர். கட்டை வீழும் ஓசை முதலில் மழுங்கி, மண் இறுக இறுகக் கணீரென்று மாறிற்று. அவ்வோசையைத் தாழ்வாரத்திலிருந்து கேட்ட பாட்டனார், “இப்போது போதும்” என்றார். கொத்தனாரும் அதே நொடியில் கையமர்த்தினார். அதன்மேல் சிமென்ட்டு ஒன்று, மணல் இரண்டு, கருங்கற்சல்லி நான்கு என்னும் அளவில் நான்கங்குலக் கலவை இட்டனர். தாங்கி நிற்குமிடத்தில் தரையோடு வேண்டாவென்று, ஒன்றரையங்குலக் கடப்பைக்கல்லைக் கலவையில் வெற்றிடமின்றிப் படியவைத்தனர்.

நான்கு நாளில் வேலை முடிந்தது, காத்திருத்தல் தொடங்கிற்று. கலவையை ஈரச்சாக்கு மூடி ஏழு நாளேனும் நனைத்துவரல் வேண்டும். அப்பொழுதும் அது தன் வலிமையில் மூன்றில் இரு பங்கே பெறும். கட்டடநூலார் அதன் முழுவலிமையை 28 நாள் கழித்தே கணக்கிடுவர். கல் இறுகுவதற்கும் கால அளவு உண்டு. நுண்ணுயிர் பெருகுவதற்கும் கால அளவு உண்டு. நம் அவசரத்தை இரண்டும் பொருட்படுத்துவதில்லை. அந்நாட்களில் நாடோறும் சிறிதளவு நீரை மாற்றிவந்தோம். முதல்நாளே பிடித்துவைத்துக் குளோரின் போக்கிய தாமிரபரணி நீரே அது.

29-ஆம் நாள் தாங்கியை நிறுத்தினோம். ஆறு கால்களும் ஆறிடத்தில் அழுத்தாதவாறு, அவற்றின்கீழே கனத்த மரச்சட்டம் ஒன்றை நெடுகக் கொடுத்தோம். தாங்கியின்மேல் தெர்மோகோல் தகடு விரித்து, அதன்மேல் தொட்டியை அமைத்தோம். ஒரேநாளில் நிரப்பவில்லை. மூன்றிலொரு பங்கு நிரப்பி, ஒருநாள் பொறுத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, மறுபங்கு நிரப்பினோம். மூன்றாம் நாள் பாட்டனார் என்னை நான்கு மூலையிலும் அளக்கச் சொன்னார். நான்கிலும் விளிம்பிலிருந்து நீர்வரை இரண்டங்குலம். “எல்லாம் ஒன்றே” என்றேன். “நீர் பொய் சொல்லாது” என்றார். ஆறு மீன்களும் பழைய இல்லம் புகுந்தன.

நண்பர்களே! இல்லத்தில் பெருந்தொட்டி வைக்க விரும்புவார் அதன் அழகை எண்ணுமுன் நிறையைக் கணக்கிடுக. தரையைத் தட்டி ஓசை கேட்க. மாடியாயின் பொறியியல் அறிந்தாரை வினவுக. நிரப்பிய நாளில் நீர்மட்டத்தை நான்கு மூலையிலும் அளந்து குறித்துவைத்து, திங்கள்தோறும் ஒத்துப்பார்க்க. இவை எளியன. இவற்றினும் அரியது, கண்ணுக்குத் தோன்றாமல் நம்மைத் தாங்கி நிற்பவற்றை அழுக்கென்றும் வெறுமண்ணென்றும் இகழாதிருத்தல். எம் கூடத்தில் மீன்களைத் தாங்கும் தளம் இரண்டு: ஒன்று கல்லாலானது, மற்றொன்று உயிராலானது. கல்லின் குறையைக் கண்ணுடைய யான் அளந்து கண்டேன். உயிருக்கு நேரவிருந்த கேட்டைக் கண்ணொளி குன்றிய முதியவரே செவியாற் கண்டு காத்தார். ஒரு வீட்டில் முதியோர் எதற்கு என்று வினவுவார்க்கு, யான் அறிந்த விடை இதுவே.