கடலாடிப் பக்கம் ஒரு செம்புத் தண்ணீர்

சென்ற கோடையில் ராமநாதபுரம் மாவட்டம் கடலாடிப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். நிலத்தடி நீர் உப்பு. குடிக்க ஊருணிதான். அது வற்றினால் ஊற்று தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்புகிறார்கள். கலங்கல் தெளியக் குடத்தின் உட்புறம் தேத்தாங்கொட்டையை உரசுகிறார்கள்.

ஒரு வீட்டில் செம்பு நிறையத் தண்ணீர் தந்தார்கள். பாதி குடித்துவிட்டு, மீதியைப் பழக்கதோஷத்தில் முற்றத்தில் ஊற்றிவிட்டேன்.

"வேணாம்னா கையில குடுத்திருக்கலாமே சார், ஆட்டுக்கு வச்சிருப்பேன்" என்றார் அந்த அம்மா.

கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும், முப்பது வருடமாக ஊர் ஊராகச் சொட்டுநீர்ப் பாசனம் பேசுகிற எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. அங்கே அரிசி கழுவிய நீர் ஆட்டுத் தொட்டிக்கு, குளித்த நீர் முருங்கைக்கு. ஓட்டுக்கூரை விளிம்பில் தகரம் மடித்துக் கட்டி மழைநீரையும் பிடிக்கிறார்கள். 100 சதுர அடிக் கூரையில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 90 லிட்டர், அதாவது ஆறு குடம். நம் வீட்டில் அது தெருவுக்குத்தானே ஓடுகிறது?

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக எங்கள் கொல்லைக் குழாயின் தேய்ந்த வாஷரை மாற்றினேன். மூன்று மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது.