மூடியை மூடியும் தூங்காத லேப்டாப்

லேப்டாப்பை மூடி பையில போட்டுட்டு பஸ் ஏறி, இறங்கும்போது பை சூடா, பேட்டரி காலியா இருந்த அனுபவம் உண்டா? எங்க ப்ராஜெக்ட் டீமுக்கு இது வாரம் ரெண்டு தடவை நடந்தது. ரிவ்யூ அன்னிக்கும் நடந்தது. சார்ஜர் தேடி லேப் முழுக்க ஓடினோம். பேட்டரியையும் லினக்ஸையும் மாறி மாறித் திட்டின பிறகு, கெர்னல் லாக்ல ஒரு வரி கண்ணில் பட்டது. 20 வினாடி காத்திருந்தும் ஒரு டாஸ்க் உறைய மறுத்துவிட்டதாம்.

சஸ்பெண்ட் என்றால் உடனே கரண்டை நிறுத்துவது இல்லை. கெர்னல் முதலில் யூசர் ப்ராசஸ்களை எல்லாம் உறைய வைக்கும். ஃப்ரீசர் என்பதே அதன் பேர். அப்புறம்தான் டிரைவர்களின் சஸ்பெண்ட் ஃபங்ஷன்கள் ஓடும். டிவைஸ் அணைஞ்ச பிறகு ஒரு ப்ரோக்ராம் வந்து அதைப் படிக்கப் போனா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க, வரிசை ஏன் இப்படின்னு புரியும்.

சரி, டிவைஸுக்காகக் காத்து ஏற்கெனவே தூங்கிட்டு இருக்கிற டாஸ்க்? அதான் தூங்குதே, விட்டுடலாமேன்னு தோணும். ஆனா அது எப்ப வேணா எழலாம், சஸ்பெண்ட் பாதியில் இருக்கும்போதுகூட. அதனால ஃப்ரீசர் அதை எழுப்பித்தான் உறைய வைக்கும். எழுப்புறதுக்கு ஒரு பொய் சிக்னல். நிஜ சிக்னல் எதுவும் கிடையாது, வந்த மாதிரி ஒரு ஃப்ளாக் மட்டும்.

டிரைவர் 'வெயிட் ஈவென்ட் இன்டரப்டிபிள்' போட்டுத் தூங்கியிருந்தா எழும். கையில் கிடைக்கிற எரர் கோடை டிரைவர் அப்படியே ரிட்டர்ன் பண்ணணும். யூசர் பக்கம் திரும்புற வழியில் டாஸ்க் உறைஞ்சு நிற்கும். ரெஸ்யூம் ஆனதும் அதே ரீட் மறுபடி முதல்ல இருந்து ஓடும். நடுவில் ஒரு ராத்திரியே போயிருந்தாலும் ப்ரோக்ராமுக்குத் தெரியாது. மொத்த ஏற்பாட்டிலும் எனக்குப் பிடிச்ச இடம் இதுதான்.

சீனியர்கள் விட்டுப்போன சென்சார் மாட்யூலில் இருந்தது வெறும் 'வெயிட் ஈவென்ட்'. பிஎஸ் கமாண்டில் 'டி'ன்னு காட்டுமே, அந்தத் தூக்கம். கில் மைனஸ் 9க்கே எழாதது பொய் சிக்னலுக்கா எழப்போகுது? சென்சார் டேட்டா வந்தால்தான் எழும். போர்டைக் கழட்டி வெச்சாச்சு, டேட்டா எங்க இருந்து வரும்? ஃப்ரீசர் 20 வினாடி பார்த்துட்டு, உறைஞ்ச மத்தவங்களையும் எழுப்பிவிட்டு, சஸ்பெண்டையே கைவிட்டுடும். ஒரே ஒரு டாஸ்க்குக்காக!

இன்டரப்டிபிளா மாத்தினா மட்டும் போதாது. எரர் கோடைப் பார்க்காம லூப் போட்டு மறுபடி தூங்கப் போனா, அந்த ஃப்ளாக் இன்னும் இருக்கிறதால உடனே எழுந்துடும். தூங்கவும் செய்யாது, உறையவும் செய்யாது, சிபியூவைச் சுத்திட்டே இருக்கும். பை இன்னும் நல்லா சூடாகும்.

கெர்னல் த்ரெட் கதை வேற. நீங்களா 'செட் ஃப்ரீஸபிள்' கேட்டால் ஒழிய அது உறையாது. சென்சாரை போல் பண்ணுற த்ரெட் வெச்சிருந்தா, சஸ்பெண்ட் ஃபங்ஷன்லயே அதை நிறுத்திடுங்க. ரெஸ்யூமில் வரிசை தலைகீழ்: முதலில் டிவைஸ்கள், கடைசியில்தான் ப்ராசஸ்கள். உங்க ரெஸ்யூம் ஃபங்ஷன் ஏதாவது யூசர் ப்ரோக்ராமுக்காகக் காத்திருந்தா, அந்தப் பக்கம் யாரும் இன்னும் எழுந்திருக்க மாட்டாங்க.

டெஸ்ட் பண்ண பஸ் ஏற வேண்டாம். சிஸ் பவர் ஃபோல்டரில் 'பிஎம் டெஸ்ட்'னு ஒரு ஃபைல் இருக்கான்னு பாருங்க. அதில் 'ஃப்ரீசர்'னு எழுதிட்டு சஸ்பெண்ட் கொடுத்தா, உறைய வைக்கிறதை மட்டும் செஞ்சுட்டு 5 வினாடியில் திரும்பிடும். உங்க மாட்யூலை லோட் பண்ணி, ஒரு ரீடைத் தொங்கவிட்டுட்டு ஓட்டிப் பாருங்க.