கறுப்பு வெல்லம் தேடி... சேலம் முதல் காவிரிக்கரை வரை ஓர் இனிப்புப் பயணம்!

ஆடி முதல் நாள் மாலை. சேலத்தில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் வீட்டு வாசல்களில் சின்னச் சின்னதாகத் தீ எரிந்துகொண்டிருக்கும். சுற்றிலும் பிள்ளைகள். ஆளுக்கொரு நீளக் குச்சி. குச்சியின் முனையில் மஞ்சள் பூசிய முழுத் தேங்காய். தீயில் காட்டிக் காட்டித் திருப்ப, கொஞ்ச நேரத்தில் ஓடு கருகி ‘பட்’டென்று விரிசல் விடும். தெரு முழுக்க வெல்லமும் தேங்காயும் கலந்து தீய்ந்த வாசம்!

இதுதான் தேங்காய் சுடும் பண்டிகை. சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் என்று காவிரியை ஒட்டிய ஊர்களுக்கே உரியது. மகாபாரதப் போர் ஆடி 1-ம் தேதி தொடங்கி, 18-ம் தேதி முடிந்ததாகவும், தர்மம் வெல்ல வேண்டும் என்று வேண்டி அன்று மக்கள் தேங்காய் சுட்டுப் பிள்ளையாருக்குப் படைத்ததாகவும் இங்கே கதை சொல்வார்கள். புதுமணத் தம்பதிக்கு இது ‘தலை ஆடி’. மாப்பிள்ளையும் பெண்ணும் விருந்துக்கு வந்திருக்க, வீடே களைகட்டும்.

செய்முறை எளிது. முற்றிய தேங்காயின் நாரை உரித்து, தரையில் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். ஒரு கண்ணைத் திறந்து தண்ணீரில் பாதியை வடித்துவிட்டு, அந்தத் துளை வழியாக ஊறவைத்த பச்சைப்பயறு, பொட்டுக்கடலை, அவல், எள், பொடித்த வெல்லம் எல்லாவற்றையும் உள்ளே தள்ளுவார்கள். சீவிய அழிஞ்சில் குச்சியால் துளையை அடைத்துத் தீயில் காட்டினால், உள்ளே இருக்கும் இளநீரில் வெல்லம் கரைந்து, பயறு வெந்து, தேங்காய்ப் பருப்பில் இனிப்பு ஏறிவிடும். தேங்காயே பாத்திரம், அதன் தண்ணீரே உலைநீர்!

இந்தப் பண்டத்தின் ருசி முழுக்க ஒரே ஒரு பொருளை நம்பி இருக்கிறது. வெல்லம். நல்ல வெல்லமாக இருந்தால் உடைத்த தேங்காயில் கருப்பட்டி நிறத்தில் பாகு படிந்திருக்கும். இல்லையென்றால் வெறும் சர்க்கரைத் தண்ணீர்தான். அந்த நல்ல வெல்லம் எங்கிருந்து வருகிறது?

செவ்வாய்ப்பேட்டையில் தொடங்கும் வழி

சேலத்துக்காரர்களுக்கு வெல்லம் என்றால் செவ்வாய்ப்பேட்டை. மளிகை மண்டிகள் நெருக்கியடிக்கும் இந்தப் பேட்டைக்கு ஓமலூர், காடையாம்பட்டி பக்கத்து ஆலைக்கொட்டகைகளிலிருந்து வெல்லம் வந்து இறங்கும். உருண்டை வெல்லம், அச்சு வெல்லம் என்று இரண்டு வடிவம். பொன் மஞ்சள், வெளிர் மஞ்சள், செம்பழுப்பு, கரும்பழுப்பு என்று நிறத்தில் மட்டும் பல வகை.

வாங்க வருகிறவர்களின் கண் முதலில் போவது மஞ்சள் மூட்டைக்குத்தான். கரும்பழுப்பு மூட்டை ஓரமாகக் காத்திருக்கும். இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொண்டு தெற்கே போக வேண்டும்.

சேலத்திலிருந்து 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலையில் நாமக்கல்லைத் தாண்டிப் போனால் பரமத்தி வேலூர். உள்ளூர்க்காரர்கள் வாயில் ‘பி.வேலூர்’. 1997-ல் நாமக்கல் தனி மாவட்டமாகும் வரை இதெல்லாம் சேலம் மாவட்டம்தான். அதற்குச் சாட்சியாக, மோகனூரில் உள்ள சர்க்கரை ஆலை இன்றும் ‘சேலம் கூட்டுறவு சர்க்கரை ஆலை’ என்ற பெயரிலேயே இருக்கிறது.

சேலம் பக்கத்து வறண்ட மேட்டு நிலத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, பி.வேலூர் வேறு உலகம். வாழை, வெற்றிலைக் கொடிக்கால், தென்னை, கரும்பு என்று கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை. மேட்டூர் அணையை விட்டு இறங்கி வரும் காவிரி, ஜேடர்பாளையம் படுகை அணையில் ராஜவாய்க்காலுக்குத் தண்ணீர் கொடுக்கிறது. அல்லாள இளைய நாயக்கர் வெட்டிய வாய்க்கால் என்று இந்த மக்கள் நன்றியோடு சொல்வார்கள். 1934-ல் மேட்டூர் அணை வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த ஊர்களுக்குச் சோறு போட்ட வாய்க்கால் அது. இந்தக் கரும்பின் இனிப்பும் அதே தண்ணீரில் விளைந்ததுதான்.

கொப்பரையில் கொதிக்கும் காவிரி

ஜேடர்பாளையம், சோழசிராமணி, கபிலர்மலை, பாண்டமங்கலம் பக்கம் போனால் ஆலைக்கொட்டகையைத் தேட வேண்டியதில்லை. மூக்கே வழி காட்டும். வெயிலில் உலரப் போட்ட கரும்புச் சக்கை, உயரமான புகைபோக்கி, தாழ்வான கூரை. உள்ளே ஆள் நீந்தலாம் போல அகலமான கொப்பரை.

ஒரு பக்கம் எந்திரம் கரும்பைப் பிழிகிறது. சாறு கொப்பரைக்குப் போகிறது. பிழிந்து காய்ந்த சக்கையே அடுப்புக்கு எரிபொருள். சாறு சூடேறியதும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்ப்பார்கள். அழுக்கெல்லாம் நுரையாகத் திரண்டு மேலே வரும். அதை அரித்து அரித்து எடுப்பதில்தான் வெல்லத்தின் பாதித் தரம் இருக்கிறது. வெண்டைச் செடியின் தண்டை நசுக்கி, அந்தக் கொழகொழப்பைச் சேர்த்து அழுக்கை இழுக்கும் பழைய முறையும் உண்டு.

பிறகு பொறுமைதான். பொங்கி வழியாமல் துடுப்பால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். பதம் வந்ததா என்று பார்க்க, ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார் பாகு காய்ச்சுபவர். உருண்டால் பதம். அதற்குப் பிறகு ஒரு நிமிடம் தாமதித்தாலும் தீய்ந்துவிடும். தொட்டியில் ஊற்றி, ஆறும் பக்குவத்தில் துணியில் வைத்து உருட்டினால் உருண்டை வெல்லம். அச்சில் ஊற்றினால் அச்சு வெல்லம். ஒரு டன் கரும்பிலிருந்து சுமார் 100 கிலோ வெல்லம் கிடைக்கும்.

அங்கிருந்து அது போய்ச் சேரும் இடம் பிலிக்கல்பாளையம். வெல்ல ஏலத்துக்கென்றே பேர்போன சந்தை. 30 கிலோ கொண்ட ‘சிப்பம்’தான் இங்கே கணக்கு. கேரளா, கர்நாடகா, ஆந்திரா, வட மாநிலங்கள் என்று வியாபாரிகள் வாங்கி அனுப்புகிறார்கள். பொங்கல், ஓணம், ஆயுத பூஜை நெருங்கும்போது விலை ஏறும். மற்ற நாளில் இறங்கும்.

மஞ்சள்தான் வேணுமா?

இந்தச் சந்தையிலும் செவ்வாய்ப்பேட்டையில் பார்த்த அதே காட்சிதான். பளிச்சென்ற மஞ்சளுக்கு மவுசு. கறுத்த வெல்லத்துக்கு விலை குறைவு.

கரும்புச் சாற்றில் இருக்கும் தாதுக்களும், கொதிக்கும்போது ஏற்படும் மாற்றங்களும் சேர்ந்துதான் வெல்லத்துக்குப் பழுப்பு நிறத்தைத் தருகின்றன. மண், தண்ணீர், கரும்பின் ரகம், முதிர்ச்சி எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. உப்புத் தண்ணீரில் வளர்ந்த கரும்பு இன்னும் கறுக்கும். ஆக, பழுப்பு என்பது அழுக்கு அல்ல. கரும்பின் இயல்பு.

ஆனால், வாங்குபவர் மஞ்சள் கேட்கிறார். அதனால் சிலர் ‘ஹைட்ரோஸ்’ எனப்படும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டைக் கொட்டி நிறத்தை வெளுக்க வைக்கிறார்கள். சிலர் வெள்ளைச் சர்க்கரையை மூட்டை மூட்டையாகக் கலக்கிறார்கள். சர்க்கரை விலை மலிவாக இருக்கும்போது எடையும் கூடும், நிறமும் வெளுக்கும், உருண்டையும் கெட்டிப்படும். சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டங்களிலுமே உணவுப் பாதுகாப்புத் துறையினர் ஆலைக்கொட்டகைகளிலும் மண்டிகளிலும் சோதனை நடத்தி, இப்படிப்பட்ட சர்க்கரையையும் ரசாயனத்தையும் வெல்லத்தையும் பறிமுதல் செய்வது அடிக்கடி வரும் செய்தி.

இதில் நசுங்குவது நேர்மையாகக் காய்ச்சுபவர்தான். கரும்பை மட்டுமே நம்பிக் காய்ச்சினால் வெல்லம் கறுக்கிறது. கறுத்தால் விலை போவதில்லை. விலை போக வேண்டுமென்றால் கலக்க வேண்டும். இந்தச் சுழலை அதிகாரியின் சோதனை மட்டும் அறுத்துவிட முடியாது. மளிகைக் கடையில் “அந்தக் கறுப்பு வெல்லத்தைக் குடுங்கண்ணா” என்று கேட்கும் குரலும் வேண்டும்.

ஜப்பானிலும் இதே கதை!

இந்த இடத்தில் ஜப்பானுக்கு ஒரு நடை போய் வரலாம். கொரிய, ஜப்பானிய சமையல் வீடியோக்கள் பார்க்கும் பிள்ளைகளுக்கு ‘மிரின்’ என்ற பெயர் தெரிந்திருக்கும். ஜப்பானிய வீட்டு அடுப்படியில் சோயா சாஸுக்குப் பக்கத்தில் நிற்கும் இனிப்பு அரிசி மது அது. வேகவைத்த பசையரிசி, ‘கோஜி’ எனும் பூஞ்சை வளர்த்த அரிசி, ‘ஷோச்சு’ எனும் வடித்த மது மூன்றையும் சேர்த்து வாரக்கணக்கில் ஊற விடுவார்கள். கோஜி, அரிசியின் மாவுச்சத்தை மெள்ள மெள்ளச் சர்க்கரையாக மாற்றும். சர்க்கரையே சேர்க்காமல் அரிசியிலிருந்தே வரும் இனிப்பு! ஒரு காலத்தில் இனிப்புப் பானமாகக் குடித்தது, பிறகு சமையலுக்கு வந்துவிட்டது. மீனின் கவிச்சியை அடக்கும், குழம்புக்கு மினுமினுப்புத் தரும், சோயாவின் உப்பைத் தணிக்கும்.

உண்மையான மிரினில் சுமார் 14 சதவிகிதம் ஆல்கஹால் இருப்பதால் அங்கே அது மது வரிக்குள் வருகிறது. விலையும் அதிகம். அதனால் குளுக்கோஸ் பாகும் சுவையூட்டியும் கலந்த, ஆல்கஹால் ஒரு சதவிகிதத்துக்கும் குறைவான ‘மிரின் மாதிரி’ பாட்டில்கள் மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால், அங்கே இரண்டுக்கும் இரண்டு பெயர். உண்மையானதற்கு ‘ஹோன் மிரின்’ என்று லேபிளிலேயே போட்டிருக்கும். வாங்குபவர் தெரிந்தே தேர்ந்தெடுக்கலாம்.

அதே நாட்டின் ஒகினாவா தீவுகளில் நம் ஆலைக்கொட்டகை போலவே கரும்புச் சாற்றைக் காய்ச்சி ‘குரோசாத்தோ’ செய்கிறார்கள். அந்தப் பெயருக்கு அர்த்தமே கறுப்புச் சர்க்கரை. அங்கே கறுப்பு நிறம்தான் பெருமை. இங்கே அதே கறுப்பு, ஓரமாக ஒதுக்கப்பட்ட மூட்டை.

அடுப்படியில் ஒரு துண்டு

மிரின் அங்கே செய்யும் வேலையை இங்கே காலம் காலமாக வெல்லம் செய்துவருகிறது. புளிக்குழம்பு இறக்கும் நேரத்தில் நெல்லிக்காய் அளவு வெல்லம் போட்டால் புளிப்பின் கூர்மை மழுங்கி, காரமும் உப்பும் ஒன்றோடு ஒன்று சேர்ந்துகொள்ளும். பாகற்காய் வறுவலில் கசப்பைப் பிடித்து நிறுத்தும். இஞ்சித் துவையலில் எரிச்சலைக் குறைக்கும். சித்திரை முதல் நாள் மாங்காய்ப் பச்சடி வெல்லம் இல்லாமல் இறங்காது. இதே இடங்களில் வெள்ளைச் சர்க்கரை போட்டால் இனிப்பு மட்டும் தனியாக நாக்கில் நிற்கும். வெல்லத்தில் இனிப்போடு ஒரு துளி உப்பும் ஒரு துளி கசப்பும் இருப்பதால்தான் அது குழம்போடு கலந்துபோகிறது. கறுத்த வெல்லத்தில் இந்தக் குணம் இன்னும் அதிகம்.

பிள்ளைகள் ஜப்பானிய பாணியில் பனீரோ கோழியோ செய்துதரக் கேட்டால் மிரினைத் தேடி அலைய வேண்டாம். கெட்டியான வெல்லப் பாகில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் சோயா சாஸ். மிரினின் மணம் வராது. ஆனால், அந்த மினுமினுப்பும் இனிப்பும் வரும். மது என்ற சங்கடமும் இல்லை.

வாங்கும்போது சில விஷயங்கள். கண்ணைப் பறிக்கும் மஞ்சளையும், உடைத்தால் சர்க்கரைப் படிகம் போல மினுக்கும் உருண்டையையும் யோசித்து வாங்குவது நல்லது. ஆனாலும் நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. உறுதியாகச் சொல்ல ஆய்வகம்தான் வேண்டும். எந்த வெல்லமானாலும் தண்ணீரில் கரைத்து வடிகட்டிய பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும். மண், சக்கை எல்லாம் அடியில் தங்கிவிடும். மழைக்காலத்தில் வெல்லம் ஈரம் இழுத்துக் கசியும். காற்றுப் புகாத டப்பாதான் பாதுகாப்பு.

ஒரு மண்ணின் பாயசம்

இந்தச் சமவெளியை ஒரே கிண்ணத்தில் ருசிக்க ஒரு வழி இருக்கிறது. ஜவ்வரிசிக்குச் சேலம். 1981-ல் தொடங்கிய ‘சேகோசர்வ்’ கூட்டுறவு சங்கத்தின் ஊர் இது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. நெய்க்கு ராசிபுரம். தேங்காய்க்குப் பரமத்தி வேலூர். வெல்லத்துக்குப் பிலிக்கல்பாளையம்.

ஒரு டம்ளர் ஜவ்வரிசியை நெய்யில் லேசாக வறுத்து, கண்ணாடி போல ஆகும்வரை வேகவைக்க வேண்டும். ஒன்றரை டம்ளர் பொடித்த வெல்லத்தைக் கரைத்து, வடிகட்டி ஊற்றி, பச்சை வாசம் போகக் கொதிக்கவிட வேண்டும். அடுப்பை அணைத்து, சூடு கொஞ்சம் தணிந்த பிறகே கெட்டித் தேங்காய்ப்பால் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டுக் கொதியில் ஊற்றினால் திரிந்துவிடும். ஏலக்காய், நெய்யில் வறுத்த தேங்காய்ப் பல். அவ்வளவுதான்.

பாயசம் வெள்ளையாக இருக்காது. மழைக்காலத்துக் காவிரி நிறத்தில் இருக்கும். பிள்ளைகள் “ஏம்மா இப்படிக் கறுப்பா இருக்கு?” என்று கேட்கலாம். ஒரு வாய் ஊட்டிவிட்டால் போதும். அடுத்த ஆடி முதல் நாளில் தேங்காய்க்குள் போட எந்த வெல்லம் வாங்க வேண்டும் என்று அவர்களே கடையில் கைகாட்டுவார்கள்.